பத்தடிக்குப் பன்னிரண்டு

"எங்க போறீங்க?" என்றார் நிஸ்தார்,
பயணக் கிட்டார் கேட்டவளை ஏறிட்டுப் பார்த்து.
எங்கேயும் இல்லை.
கட்டிலுக்கும் அரிசி வாளிக்கும் நடுவே
அரை ஆள் அகலம் மிச்சம் இருக்கிறது.
அதில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹட்டனில் மழை.
கடைக் கண்ணாடியில் பஸ்கள் கரைந்து ஓடின.
கைகாசில் சேர்த்த இருபத்தோராயிரம்
பிஸ்கட் டின்னை விட்டு என் சட்டைக்குள் வந்து
சூடாகக் கிடந்தது.
"ரைஸ் குக்கர் வாங்கலாம்" என்றாள் கோகிலவாணி,
மூன்றாவது தடவையாக.

முதலில் பெரியதை இறக்கினார்.
கறுப்பு, முகம் தெரிகிற பளபளப்பு,
இருபத்தாறாயிரத்து ஐந்நூறு,
பேசினால் குறையும்.
அணைத்துப் பிடித்தால் என் தாடை அதன் தோளில் இடித்தது.
ஒரு தடவு தடவினார், கடை முழுக்க முழங்கிற்று.
எங்கள் லயத்தில் ஒன்பது காம்பராவுக்கு ஒரே கூரை.
ஐந்தாவதில் இருமினால்
இரண்டாவதிலிருந்து சுடுதண்ணி வரும்.
வேண்டாம் என்றேன்.

அடுத்தது, எல்லவில் ஒரு வெள்ளைக்காரன்
அறை வாடகைக்குப் பதிலாக விட்டுப் போனதாம்.
பதினாலாயிரம்.
முகப்பு முழுப்பலகை, தேன் நிறம்,
விரல் பட்டதுமே பேசத் தொடங்கிவிட்டது.
உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்குப் பிடித்தது.
இப்போதும் அதுதான்.
ஆனால் கம்பி கட்டும் இடத்துக்குக் கீழே
மயிரிழையாய் ஒரு வெடிப்பு.
ஆடி மாதத்தில் எங்கள் மலையில்
செருப்பில் பூஞ்சணம் பூக்கும், தீப்பெட்டி நமுக்கும்.
அடுத்த ஆடியில் அது வாய் திறந்துவிடும்.
"பசை வச்சுத் தாரேன்" என்றார்.
தார் பூசிய தகரத்தின் கீழே தூங்குகிறவள் நான்.
ஒரு பூச்சு எத்தனை மழை தாங்கும் என்று
எனக்குத் தெரியும்.

மூன்றாவதைக் கொக்கி போட்டு எடுத்தார்.
முக்கால் அளவு, ஒட்டுப்பலகை, பத்தொன்பதாயிரம்.
"சின்னப் புள்ளைங்களுக்கு வாங்குறது.
சத்தம் கொஞ்சம் கம்மி..."
மன்னிப்புக் கேட்பதுபோல் இழுத்தார்.
அந்தக் கம்மிதான் எனக்கு வேண்டும் என்று
காட்டிக்கொள்ளவில்லை. விலை ஏறும்.

புதுக் கூடையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்,
அடி, விளிம்பு, கட்டு.
ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தைப் பார்த்தேன்,
கவ்வாத்து வெட்டிய மட்டம் பார்க்கிற மாதிரி.
கம்பிக்குக் கீழே பஸ் டிக்கெட் நுழைந்தது,
நாலாக மடித்தது நுழையவில்லை.
நல்லது.
மூன்றாம் கம்பியின் சாவி மட்டும் லேசாய்த் தளர்வு.
அதைச் சொல்லியே ஐந்நூறு குறைத்தேன்.

"மொத மாசம் வெரல் நுனி எரியும்,
பயந்து விட்டுறாதீங்க."
கையை மேசையில் விரித்து வைத்தேன்.
பதினொரு வருசக் கொழுந்துக் கறை,
வெடிப்புகளில் இறங்கிய கறுப்புக் கோடு.
அவர் பில் எழுதத் தொடங்கினார்.

மஸ்கெலியா பஸ்ஸில் மூட்டைகளுக்கு நடுவே இடம்.
கண்டக்டர் பையைக் காட்டி,
"இது லக்கேஜா, புள்ளையா?"
"மடியில வச்சா புள்ள" என்றாள் கோகிலவாணி,
குக்கர் கிடைக்காத கோபத்தோடு.
அவன் டிக்கெட் கிழிக்கவில்லை.
நோர்வூட் தாண்டியதும் அவளே வாங்கி
தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இரவு, மகன் தூங்கிய பிறகு,
விளக்கை அணைத்துவிட்டு
அதன் விலாவில் காதை வைத்தேன்.
தளர்ந்த சாவி வழியெல்லாம் இறங்கி வந்திருந்தது.
திருகினேன். தட்டினேன். இன்னும் திருகினேன்.
கொசு முனகுகிற அளவுதான் சத்தம்.
பக்கத்துக் காம்பராவில் ரேடியோ நின்றது.
பலகைக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு தூக்கக் குரல்:
"இன்னும் கொஞ்சம் ஏத்து."